நாளுக்கு இரண்டு வரி

ஜனவரி 4

புது டைரி. மருந்துக்கடைக்காரர் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஏதோ சத்து மாத்திரையின் பெயர் அச்சடித்திருக்கிறது. மே 31 அன்று ஓய்வு பெறுகிறேன். அதுவரை எழுதினால் போதும். அதற்குப் பிறகு எழுத என்ன இருக்கப்போகிறது, தூங்குவதைத் தவிர.

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சித் திட்டப் பிரிவுக்கு நான் கண்காணிப்பாளர். பேராசிரியர்கள் டெல்லியிலிருந்து நிதி வாங்கி ஆராய்ச்சி செய்கிறார்கள். ஆள் எடுப்பது, சாமான் வாங்குவது, கெடு நீட்டிப்பது என்று எல்லாக் காகிதமும் எங்கள் அறை வழியாகத்தான் போக வேண்டும். இன்றைய தேதிக்கு நாற்பத்து மூன்று திட்டங்கள். அறையில் நான், தட்டச்சர் ஹமீதா, ஒரு மின்விசிறி. மூன்றில் ஒன்று ஒழுங்காக வேலை செய்வதில்லை. எது என்று எழுதமாட்டேன்.

அனுப்புகைப் பதிவேட்டுக்குப் புது வருஷக் கோடு போட்டேன். வெளியே போகும் ஒவ்வொரு கடிதத்துக்கும் இதில் எண் விழும், தேதி விழும். நாள் முடிவில் இரண்டு எண்ணைக் காலியாக விட்டுவிடுவேன். எனக்கு முன்னால் இருந்தவரும் விட்டார். அவருக்கு முன்னால் இருந்தவரும் விட்டிருப்பார். பத்து நாள் கழித்து யாராவது ஒரு பேராசிரியர் மூச்சு வாங்க வந்து, கெடு தாண்டிவிட்டது, போன வாரத் தேதியில் ஒரு கடிதம் வேண்டும் என்று நிற்பார். அந்த இரண்டு வரியால் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். முப்பத்தொரு வருஷத்தில் என் பதிவேட்டில் தணிக்கைக்காரர் ஒரு சிவப்புப் புள்ளி வைத்ததில்லை.

டைரியிலும் எனக்கு அதே பழக்கம். எழுத முடியாத நாளின் பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு, நேரம் கிடைக்கும்போது நிரப்புவேன். யாருக்காக இதையெல்லாம் விளக்குகிறேன் என்று தெரியவில்லை. அலுவலகக் குறிப்பு எழுதி எழுதி வந்த வியாதி.

ஜனவரி 10

பேச்சியம்மாள் வந்தாள். பேராசிரியர் சங்கரநயினாரின் கழிமுக நண்டுத் திட்டத்தில் ப்ராஜெக்ட் ஃபெல்லோ. சேற்றுக்குள் இடுப்பளவு இறங்கி நண்டு எண்ணுகிற பெண். இப்போது ஆறாம் மாதம். சேற்றில் இறங்காதே என்று வீட்டிலும் சொல்கிறார்கள், நானும் சொன்னேன். கரையில் நின்று ஆளை வைத்து எண்ணுகிறேன் என்றாள். சுடிதாரின் கீழ்விளிம்பில் சேறு காய்ந்திருந்தது.

அவளுடைய திட்டம் மார்ச் 31 அன்று முடிகிறது. கூடுதல் நிதி கேட்காமல் ஒரு வருஷம் நீட்டித்துத் தரும்படி டிசம்பரிலேயே டெல்லிக்கு எழுதியாயிற்று. டிசம்பர் 31க்குள் அவர்கள் கையில் சேர வேண்டும் என்பது விதி. நீட்டிப்பு வந்தால் அவள் வேலையில் இருப்பாள், பேறுகால விடுப்பு கிடைக்கும், ஆய்வேட்டையும் முடிப்பாள். வராவிட்டால் ஏப்ரல் முதல் தேதி அவள் யாருமில்லை, குழந்தை ஏப்ரல் கடைசியில்.

பதில் வந்ததா என்று கேட்டாள். டிசம்பர் 19 அன்று அவளே கொண்டுவந்து கொடுத்து, அவள் எதிரிலேயே எண் போட்ட கடிதம். எண் போட்டாகிவிட்டது, போயாகிவிட்டது, டெல்லிக்காரர்கள் மெதுவாகத்தான் அசைவார்கள் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஜனவரி 18

பொங்கல் விடுமுறை முடிந்தது. வடை சுட்ட கையோடு நாற்பத்து மூன்று கோப்பு. கால் வீக்கம்.

ஜனவரி 22

கழிமுக நண்டுத் திட்டத்தின் கால நீட்டிப்பு குறித்து டெல்லி நிறுவனத்துக்கு நினைவூட்டல் கடிதம் அனுப்பப்பட்டது. எண் 118.

ஜனவரி 23

அலையாத்திக் காட்டில் மாதிரி எடுக்க வனத்துறைக்கு அனுமதிக் கடிதம். பேச்சியம்மாள் வந்து வாங்கிக்கொண்டாள். எண் போட்டதும் வழக்கம்போல் போனை எடுத்துப் பதிவேட்டுப் பக்கத்தைப் போட்டோ பிடித்தாள். இவள் ஒருத்திதான் இப்படி. எதற்கென்று கேட்டால், தேதியோடு கையில் இருக்கட்டும் மேடம் என்பாள். நண்டையும் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் படம் எடுப்பாளாம். எனக்குச் சிரிப்பு வந்தது.

பிப்ரவரி 6

இருப்புச் சரிபார்ப்பு. பதிவேட்டில் ஏழு நுண்ணோக்கி, ஆய்வகத்தில் ஆறு. ஏழாவது ஒரு பேராசிரியரின் வீட்டில் இருக்கிறது, அவர் மகன் பள்ளிக் கண்காட்சிக்கு. அதைத் திரும்பக் கேட்க ஒரு கடிதம், அதை அவருக்கு மரியாதை குறையாமல் எழுத ஒரு மணி நேரம். இப்படித்தான் என் ஆயுள் போயிற்று.

பிப்ரவரி 19

டெல்லி நிறுவனத்தில் எங்கள் திட்டங்களைக் கவனிக்கும் அரோரா அம்மா போன் செய்தார். நண்டுத் திட்டத்தின் முடிவறிக்கையை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டார். நீட்டிப்புக் கேட்டிருக்கிறோமே என்றேன். அப்படி ஒரு கடிதம் அவர்களுக்கு வரவே இல்லையாம். மையால் கையெழுத்திட்ட காகிதம் தபாலில் வந்தால்தான் அந்த நிறுவனம் ஏற்கும். மின்னஞ்சலை மதிப்பதில்லை. எங்கள் பதிவேட்டில் எண்ணும் தேதியும் இருக்கிறது, உங்கள் தபால் அறையில் நன்றாகத் தேடுங்கள் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். என் இங்கிலீஷ் கோபத்தில்தான் சரளமாக வரும்.

பிப்ரவரி 20

சங்கரநயினார் சார் அறைக்கு வந்து சத்தம் போட்டார். பதிவேட்டை விரித்துக் காட்டினேன். டிசம்பர் 19, எண், விலாசம், என் சுருக்கொப்பம். அடங்கிவிட்டார். உதவிப் பதிவாளர் செல்வின் சாரும் பார்த்தார். அக்கா பதிவேட்டில் இருந்தால் அப்புறம் பேச்சே இல்லை, டெல்லிக்காரன்தான் தொலைத்திருக்கிறான் என்றார். எல்லோரும் நம்பினார்கள். நானும்.

பேச்சியம்மாள் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 27

தேடினேன்.

மார்ச் 3

முப்பத்தொன்றாம் திட்டத்தின் கோப்பை முடித்துக் கட்டி ஆவண அறைக்கு அனுப்ப வேண்டும். நாடாவை அவிழ்த்துத் திரும்ப அடுக்கினேன். நடுவில் வேறு ஒரு காகிதம் இருந்தது. அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை. ஹமீதாவைச் சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொன்னேன். தலைவலி.

மார்ச் 5

செல்வின் சார் கூப்பிட்டார். நீட்டிப்பு விஷயமாகப் பதிவாளர் டெல்லிக்குக் கண்டனமாக ஒரு கடிதம் எழுதப்போகிறாராம். ஒரு கடிதம் தொலைந்தது என்றால் தபால் மேல் பழி போடுவார்கள், நடுவில் ஒரு நினைவூட்டலும் போயிருந்தால் நம் பக்கம் வலுவாக இருக்கும், ஜனவரியில் ஏதாவது போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். போட்டிருக்கிறோம் சார் என்றேன். நகல் எடுத்துத் தரச் சொன்னார். தந்தேன்.

வீட்டுக்கு வந்து இந்த டைரியையும் பார்த்தேன். ஜனவரி 22இல் இருக்கிறது.

மார்ச் 8

பதிவாளர் கடிதம் போனது. இரண்டு நகல்களும் இணைப்பு.

மார்ச் 12

அரோரா அம்மா மறுபடி. குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. டிசம்பர் கடிதமும் வரவில்லை, ஜனவரி கடிதமும் வரவில்லை என்றால் உங்களுக்கும் எங்களுக்கும் வழக்கு, இது நீட்டிப்பை முடிவு செய்யும் குழுவுக்கே போகாது, திட்டம் மார்ச் 31 அன்று மூடப்படும் என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி, சில பல்கலைக்கழகங்கள் தங்கள் அலுவலகத்தில் நடந்த தவறு என்று எழுதுவார்கள், யாரால், எப்படி என்று விவரமாக, பதிவாளர் கையெழுத்தோடு, அப்படி வந்தால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளக் குழுவுக்கு அதிகாரம் உண்டு, 25ஆம் தேதிக் கூட்டத்துக்குள் வர வேண்டும் என்றார். தவறே இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் எதைப் பொறுத்துக்கொள்வது என்று கேட்டார்.

செல்வின் சாரிடம் இதன் பின்பாதியை நான் சொல்லவில்லை. மே 31க்கு இன்னும் எண்பது நாள். ஒழுங்கு நடவடிக்கை மெமோ ஒன்று கையில் இருந்தால் ஓய்வு பெற விடமாட்டார்கள். விசாரணை முடியும்வரை வருஷக்கணக்கில் பிடித்து வைப்பார்கள். நண்டுக்கு இன்னொரு திட்டம் வரும். அந்தப் பெண் இளையவள். இப்படியெல்லாம் யோசித்தேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

மார்ச் 14

பேச்சியம்மாள் வந்தாள். எட்டாம் மாதம், போன வாரம் வளைகாப்பு. இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். ஹமீதா டீ வாங்கப் போயிருந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. போனை என் மேசையில் வைத்தாள்.

"மேடம், இது ஜனவரி இருபத்து மூணு எடுத்தது. வனத்துறை லெட்டருக்கு நம்பர் போட்டீங்கல்லா, அப்ப."

என் பதிவேட்டுப் பக்கம். என் கையெழுத்து. இருபத்து மூன்றாம் தேதிக்கு மேலே, இருபத்திரண்டின் கடைசியில், 117, 118. எண் மட்டும் இருந்தது. எதிரில் இரண்டு வரியும் வெறுமையாக இருந்தன. அந்த வெள்ளையை விரலால் தள்ளிப் பெரிதாக்கி வைத்திருந்தாள்.

"சார் ரூம்ல நினைவூட்டல் காப்பி பாத்தேன். நம்பர் நூத்திப் பதினெட்டுன்னு இருக்கு" என்றாள். வளையல் சத்தம் கேட்டது.

"யார்ட்டயும் காட்டல மேடம். காட்டுனா எனக்கு நீட்டிப்பு வந்துருமான்னு யோசிச்சேன். தெரியல. அதான் உங்கட்டயே காட்டுதேன். அந்த மொத லெட்டர் போச்சா, போகலையா? அத மட்டும் சொல்லுங்க."

பார்க்கிறேன் என்றேன். முப்பத்தொரு வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வந்த வார்த்தை. போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஹமீதா டீயை வைத்தாள். ஆடை கட்டும்வரை அப்படியே இருந்தது.

மார்ச் 15

மார்ச் 16

நேற்றைய பக்கத்தை நிரப்பப்போவதில்லை. காலியாகவே இருக்கட்டும்.

மார்ச் 17

இதை நேராக எழுதுகிறேன்.

டிசம்பர் 19 அன்று பதினான்கு கடிதம். ஆண்டு முடிவுக் கெடு. பதிவாளர் கையெழுத்துப் போடும் முன்பே நான் எண் போட்டுவிடுவேன். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், கையெழுத்தாகி வந்ததும் உறையிலிட்டு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. மறுநாள் கையெழுத்துக் கோப்பில் எல்லாம் சேர்ந்து வந்தன. நண்டுக் கடிதம் முப்பத்தொன்றாம் திட்டத்தின் காகிதங்களுக்குள் சிக்கியிருக்கிறது. பார்க்காமல் நாடா போட்டுக் கட்டியது என் கைதான். எண் போட்டதுமே என் மனசில் அந்தக் கடிதம் டெல்லிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பதிவேட்டில் இருந்தால் உலகத்தில் நடந்துவிட்டது என்று நம்பியே இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

மார்ச் 3 அன்று கோப்பின் நடுவில் கிடைத்தது அந்தக் கடிதம்தான். பதிவாளரின் பச்சைக் கையெழுத்தோடு, மடிப்புக்கூட விழாமல். கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அரிசி டப்பாவுக்கு அடியில் இருக்கிறது.

நினைவூட்டல் எதுவும் ஜனவரியில் போகவில்லை. மார்ச் 5 அன்று நானே தட்டச்சு செய்து, காலியாக விட்ட 118இல் எழுதினேன். இந்த டைரியின் ஜனவரி 22ஆம் பக்கமும் காலியாகத்தான் இருந்தது. அன்று எனக்குக் கால்வலி, ஒன்றும் எழுதாமல் படுத்துவிட்டேன். அந்தப் பதிவையும் மார்ச் 5 அன்றுதான் எழுதினேன். யாரும் படிக்காத டைரியில், எனக்கே பொய் ஆதாரம். எழுதிவிட்டு அதையே புரட்டிப் பார்த்து, ஆமாம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது. இந்த வயதில் இப்படி வெட்கப்படுவேன் என்று நினைக்கவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நிமிஷத் தாமதத்துக்கு டிரைவர்களிடம் விளக்கம் கேட்டவர். முழுதும் கேட்டுவிட்டு, "மெமோ குடுப்பானுவ. ஓய்வுல விடமாட்டானுவ. தெரியும்லா?" என்றார். தெரியும் என்றேன். அரிசி டப்பாவை நகர்த்திக் கடிதத்தை எடுத்து, கைலியில் தூசி தட்டிக் கொடுத்தார். காலையில் எத்தனை மணிக்குப் போக வேண்டும், ஸ்கூட்டரில் கொண்டுவிடுகிறேன் என்றார்.

மார்ச் 18

பதிவாளரிடம் இரண்டையும் வைத்தேன். அனுப்பப்படாத கடிதம், என் ஒப்புதல். 118ஐப் பற்றியும் எழுதியிருந்தேன். செல்வின் சார் கேட்டார் என்பதை எழுதவில்லை. அவர் கேட்டது ஒரு கேள்விதான், பொய்யைச் சொன்னது நான். அவர் பக்கத்தில் நின்று வேர்த்துக்கொண்டிருந்தார்.

பதிவாளர் நெடுநேரம் படித்தார். டெல்லிக்குப் போகும் கடிதத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டுமா, அலுவலகத் தவறு என்று பொதுவாகப் போட்டால் போதாதா என்றார். யாரால், எப்படி என்று கேட்டிருக்கிறார்கள் என்றேன். பல்கலைக்கழகத்துக்கு அவமானம் என்றார். ஆமாம் என்றேன். கையெழுத்துப் போட்டார். நடவடிக்கைக் கோப்பைத் தொடங்கச் சொல்லி அதே பேனாவால் எழுதினார்.

வெளியே வந்ததும் செல்வின் சார், இன்னும் இரண்டு மாசம்தானே அக்கா என்றார்.

மார்ச் 19

கையெழுத்தான கடிதத்தை முதலில் தபால் நிலையத்துக்கு நானே எடுத்துப் போனேன். ஸ்பீடு போஸ்ட். ரசீது வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் பதிவேட்டில் எண் போட்டேன். ரசீதைப் பக்கத்திலேயே ஒட்டினேன். நாள் முடிவில் காலி வரி விடவில்லை. கை தானாக இரண்டு வரி தாண்டப் பார்த்தது.

பேச்சியம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னேன். போகவில்லை, தவறு என்னுடையது, இன்று போயிருக்கிறது, 25ஆம் தேதி கூட்டம். கேட்டுக்கொண்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதிவேட்டைப் போட்டோ எடுத்தாள், பிறகு குனிய முடியாமல் குனிந்து ரசீதைத் தனியாக எடுத்தாள். "இனிமே நம்பர் மட்டும் போதாது மேடம். ரசீதும் வேணும்" என்றாள்.

மார்ச் 24

காலி வரி விடுவதும், பிந்திய கடிதத்தை நுழைக்க ஒரே எண்ணுக்கு ‘அ’, ‘ஆ’ சேர்ப்பதும் இனிமேல் தண்டனைக்குரியது என்று பதிவாளர் சுற்றறிக்கை. என்னால்தான். நடைபாதையில் இரண்டு பிரிவுக்காரர்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

மார்ச் 29

நீட்டிப்பு வந்துவிட்டது. ஒரு வருஷம். தாமதம் பொறுத்துக்கொள்ளப்பட்டது, பல்கலைக்கழகம் எச்சரிக்கப்படுகிறது என்று ஒரு வரி. சங்கரநயினார் சார் இனிப்புக் கொடுத்தார், எனக்கும். பேச்சியம்மாள் விடுப்பு விண்ணப்பத்தைத் தந்தாள். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

ஏப்ரல் 26

பெண் குழந்தை. ஹமீதா சொன்னாள்.

மே 12

மெமோ தயாராகிக்கொண்டிருக்கிறதாம். குற்றச்சாட்டுகள் இரண்டா மூன்றா என்று சட்டப் பிரிவில் விவாதம். என் கோப்பு மேசை மேசையாக நகர்கிறது. எங்கே தங்கும், எத்தனை நாள் தங்கும் என்று எனக்குத் தெரியாததா? காத்திருப்பதுதான் களைப்பு. கொடுப்பதானால் கொடுத்துத் தொலையுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

மே 31

துணைவேந்தர் வெளியூர். கோப்பு அவர் மேசையில், கையெழுத்தாகவில்லை. ஐந்து மணிவரை அறையில் உட்கார்ந்திருந்தேன். மெமோவும் வரவில்லை, விடுவிப்பு ஆணையும் வரவில்லை. ஐந்தே முக்காலுக்கு, வேறு ஆணை எதுவும் இல்லாததால் விதிப்படி விடுவிக்கப்படுகிறார் என்று ஒரு காகிதம் வந்தது. அதற்கு எண் போட்டது ஹமீதா. மாலை, சால்வை எதுவும் இல்லை. ஹமீதா மட்டும் பஸ் நிறுத்தம்வரை பையைத் தூக்கி வந்தாள்.

ஜூன் 3

காலை பதினொன்றரைக்கு செல்வின் சார் போன். குரலைத் தாழ்த்திப் பேசினார். துணைவேந்தர் நேற்று மெமோவில் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். மே 31க்கு முந்திய தேதியில் போனால்தான் செல்லும். ஓய்வுக்குப் பிறகு என்றால் ஆட்சிக்குழு அனுமதி வேண்டும், அது இந்த ஜன்மத்தில் நடக்காது. சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் கேட்டார்.

"அக்கா, மே முப்பதுல ஒரு நம்பர் காலி விட்டிருக்கீங்களா?"

ஒரு கணம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"இல்ல சார். மார்ச் பத்தொன்பதுக்கு அப்புறம் நான் விடல."

"‘அ’ போடலாம்னா, பதிவாளரே சுற்றறிக்கை போட்டிருக்கார்" என்றார். "நல்லா பாத்துச் சொல்லுங்கக்கா" என்றார். அவர் குரலில் இருந்தது நிம்மதி என்றுதான் நினைக்கிறேன்.

பதிவேடு உங்களிடம்தானே இருக்கிறது, நீங்களே பாருங்கள் சார் என்றேன். பார்த்துவிட்டேன் அக்கா, முப்பதாம் தேதி கடைசி வரிவரை நிரம்பியிருக்கிறது என்றார். வைத்துவிட்டார்.

வீட்டுக்காரர் கூடத்திலிருந்து யார் போனில் என்று கேட்டார். அலுவலகம் என்றேன். ஜனவரி 22ஆம் பக்கத்தைப் புரட்டி, அடியில், சத்து மாத்திரையின் பெயருக்கு மேலே, இது மார்ச் 5 அன்று எழுதப்பட்டது என்று எழுதி, இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். பிறகு சாப்பிட்டுவிட்டு, மதியம் முழுக்கத் தூங்கினேன்.